அப்புறம் வா

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து மேவிஸ் போன் பண்ணியபோது நான் இன்னொரு போனில் மிஸஸ் ஃபெட்டர்லியின் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆல்டர் ஃபோர்க்கில் இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது ஒன்றுதான். கம்பெனி என்றால் முதலாளி டெல்மர், நான், பழைய பேக்கரியின் மாவு அறையில் அடுக்கி வைத்த லினக்ஸ் சர்வர்கள், மலைமேல் நான்கு கோபுரங்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் எவருடைய பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அது எங்கள் குற்றம்.

"நெல்டா, உங்க அக்கா உன் வீட்லதானே இருக்கா?" என்றாள் மேவிஸ்.

"இல்லையே. ஏன் கேக்கறே?"

"ஹார்னெட் கிரீக் பள்ளத்தாக்கு முழுக்கக் காலி பண்ணச் சொல்லியாச்சு. காத்து திரும்பி, காட்டுத்தீ அங்க வருது. கீழே தடுப்பு போட்டு நிக்கிறவன் இறங்கி வர்ற வண்டிய எல்லாம் பாத்துக்கிட்டிருக்கான். அவ வண்டிய மட்டும் காணோமாம். காலையிலேயே உன்கிட்ட வந்துட்டாளோன்னு நெனச்சேன்."

"அவளுக்குத் தகவல் போச்சா, மேவிஸ்?"

"மூணு மெயில் போயிருக்கும்மா. தயாரா இருன்னு ஒண்ணு, மூட்டை கட்டுன்னு ஒண்ணு, உடனே கிளம்புன்னு ஒண்ணு. மூணும் 'அனுப்பியாச்சு'ன்னுதான் காட்டுது."

"யாராவது மேலே போய்க் கதவைத் தட்டினீங்களா?"

"ஒருத்தன் போனான். கேட்ல பூட்டு தொங்குச்சாம். மெயிலும் போயிருக்கே, கிளம்பிட்டா போலன்னு திரும்பிட்டான்."

அந்த கேட்டில் எப்போதும் பூட்டுதான் தொங்கும். என் அக்கா ட்வைலாவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் போனது. கதவைத் தட்டிப் பயனில்லாதவள் கேட்டைத் திறந்து வைத்து யாருக்காகக் காத்திருப்பாள்? பள்ளத்தாக்கின் உச்சியில், ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறாள். அங்கே செல்போன் எடுக்காது. அக்கம்பக்கத்தாருக்கு வீட்டு போன் அடித்திருக்கும், இவளுக்கு அது எதற்கு? புகை நாற்றமும் உதவாது. எங்கெங்கோ எரிகிற காடுகளால் ஆகஸ்ட் தொடங்கியதிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தில் பாதிப் பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தினோம். கதவருகே ஆள் வந்தால் மூக்கால் முட்டி எழுப்புகிற நாய் ஒன்று இருந்தது, பர்டாக். அதுவும் பிப்ரவரியில் செத்துப்போனது.

நாய் போன பிறகுதான் நான் அந்த விளக்கைச் செய்து கொடுத்தேன். டிராக்டர் கூரையில் சுழலுமே, ஆரஞ்சு நிற விளக்கு, அதில் ஒன்று. அதோடு சோப்புக்கட்டி அளவில் ஒரு குட்டி லினக்ஸ் பெட்டி. பெட்டி அரை மணிக்கு ஒருமுறை ட்வைலாவின் மெயிலைப் பார்க்கும். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தால் விளக்கு சுழல ஆரம்பிக்கும். தூங்கினாலும் முகத்தில் அடிக்கும் வெளிச்சம். "இது எரியும். நான் உத்தரவாதம்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

"இப்ப ஒரு வண்டி அனுப்பு மேவிஸ். உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

"எல்லா வண்டியும் முதியோர் இல்லத்துல ஆளத் தூக்கிக்கிட்டிருக்கு. ஒண்ணு கெடச்சாலும் அனுப்பறேன். சத்தியமா."

நான் போனை வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடினேன். தேடிய வேகத்தில் டெல்மரின் காபிக் கோப்பை கவிழ்ந்தது. அவர் மாவு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மீசையில் டோனட் சர்க்கரை.

"என்னாச்சு? யாரு செத்தா?"

"வாயக் கழுவுய்யா! ட்வைலா இன்னும் மேலதான் இருக்கா. நெருப்பு அந்தப் பக்கம் வருது. நான் போறேன்."

"நீ போய்ச் சேர ஒரு மணி நேரம். தடுப்புல உன்ன விடமாட்டான். விட்டாலும்..." டெல்மர் என் கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். "இங்கேருந்து அவளத் தொட முடியும், நெல்டா. ரோட்ல இருந்தா முடியாது. உக்காரு. முதல்ல அந்த மெயில் எங்க போச்சுன்னு பாரு."

உட்கார்ந்தேன். வாடிக்கையாளரின் கடிதத்தைப் படிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, அதற்குமேல் கண்ணை ஓட்டமாட்டோம். அவள் மெயில் பெட்டியைப் பார்த்தேன். காலையில் தையல் கடை ஒன்றிலிருந்து ஒரு கடிதம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"வரல டெல்மர். ஒண்ணுகூட வரல."

"ஷெரிஃப் ஆபீஸ் பேரப் போட்டு லாக்ல தேடு."

தேடினேன். யார் வந்தார், என்ன பதில் சொன்னோம் என்று சர்வர் எழுதி வைக்கிற பதிவேடுதான் லாக். வரிசையாக வந்து விழுந்தது. மத்தியானத்திலிருந்து அந்தக் கடிதங்கள் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொரு தடவையும் எங்கள் சர்வர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: இப்போது முடியாது, அப்புறம் வா.

டெல்மர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

விஷயம் இதுதான். வசந்த காலத்தில் குப்பை மெயில் எங்களைத் தின்றது. மாத்திரை விளம்பரம், லாட்டரி, நைஜீரிய இளவரசன் என்று ஊரே எங்கள் கதவை உடைத்தது. அப்போது டெல்மர் ஒரு பழைய தந்திரத்தைப் போட்டார். முன்பின் தெரியாத மெஷின் கடிதம் கொண்டு வந்தால் உடனே வாங்காதே, 'அப்புறம் வா' என்று சொல்லி அனுப்பு. யோக்கியமான சர்வர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். இரண்டாம் தடவை வந்தால் வாங்கிக்கொள். குப்பை அனுப்புகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஒரே வாரத்தில் குப்பை நின்றது. மிஸஸ் ஃபெட்டர்லி கடைசிவரை என்னைத்தான் மேதை என்று நினைத்து, பீச் பழம் போட்ட 'பை' என்கிற பலகாரம் ஒன்று சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் திருத்தவில்லை. முழுப் பலகாரத்தையும் தின்றேன்.

இப்போது லாகைப் பார்த்தால், ஷெரிஃப் ஆபீஸ் கடிதம் ஷெரிஃப் ஆபீஸ் மெஷினிலிருந்தே வரவில்லை. எச்சரிக்கை அனுப்புகிற வேலையை வெளியே எவனிடமோ கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் நூறு மெஷின்கள். முதல் தடவை ஒன்று வந்தது, 'அப்புறம் வா' என்றோம். திரும்பி வந்தது வேறொன்று. அதையும் முன்பின் தெரியாது. 'அப்புறம் வா.' அடுத்து இன்னொன்று. எங்கள் வாசலில் புது ஆள் புது ஆளாக வந்து, ஒரே கடிதத்தை நீட்டி, ஒவ்வொருவராகத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"இதை யாருமே நமக்குச் சொல்லலையே" என்றார் டெல்மர்.

"சொல்லணுமா? சொல்லணுமாய்யா? கதவுல காவல் வைக்கிறவன்தான் யார் வருவான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்! குப்பை நின்னுச்சு, குப்பை நின்னுச்சுன்னு ஊரெல்லாம் மார்தட்டினியே!" எனக்குத் தலைகால் புரியாத கோபம். அவரைத் திட்டினால் நெருப்பு நிற்கும் என்பதுபோல் திட்டினேன். அவர் குனிந்து, என் கைக்குமேல் கை நீட்டி, அந்தத் தந்திரத்தை அணைத்தார்.

"இப்ப வந்தா வாங்கிக்கும்" என்றார்.

"எப்ப வருவான்?"

"தெரியாதும்மா. ஒவ்வொரு தடவ திருப்பி அனுப்பும்போதும் இன்னும் கொஞ்சம் லேட் பண்ணித்தான் வருவான். அரை மணியும் ஆகலாம், ரெண்டு மணியும் ஆகலாம்."

அந்தக் குட்டிப் பெட்டிக்குள் நெட் வழியாக நானே நுழைந்து விளக்கை ஏற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கதவை நானே கெடுத்து வைத்திருந்தேன். விளக்கு வைத்த புதிதில் அவள் என் மெயிலுக்கு ஒரு நாள் பதில் போடாவிட்டாலும் எனக்குப் பொறுக்காது. உள்ளே நுழைந்து விளக்கைச் சுழற்றிவிடுவேன். குளிக்கும்போது ஒருமுறை, பாத்திரம் கழுவும்போது ஒருமுறை, தூக்கத்தில் மூன்று நான்கு முறை. ஒரு நாள் வண்டியெடுத்து வந்தவள், இதே கவுண்டரில் கையால் ஓங்கி அடித்து, சைகையில் பொரிந்து தள்ளினாள். "பாஸ்வேர்ட மாத்திட்டேன். ஷெரிஃப் என்ன எழுப்பலாம். நீ எழுப்பக் கூடாது. நான் என்ன, உன் கோழிக்குஞ்சா?"

பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்தேன். அம்மாவின் பிறந்த நாள். பர்டாக். அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு அடையின் பெயர். எல்லாம் தப்பு. பிறகு பெட்டி எனக்குக் கதவையே சாத்திவிட்டது. தப்புத் தப்பாகத் தட்டுகிறவனை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்து என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததும் இந்த மகராசிதான்.

"கள்ளக் கடிதம் போடறேன்" என்றேன்.

டெல்மர் என்னைப் பார்த்தார். இருபது வருஷமாக நாங்கள் சண்டை போடுவதே அடுத்தவன் பெயரில் கடிதம் எழுதுகிறவனோடுதான். இப்போது நானே ஷெரிஃப் பெயரில் ஒன்று எழுதி, எங்கள் சர்வருக்குள் உட்கார்ந்தபடியே அவள் மெயில் பெட்டியில் போட்டேன். யார் தடுப்பது? காவல்காரியே திருடி. என்ன எழுதினேன் என்றுகூட அப்போது நினைவில் இல்லை. விரல் போன போக்கில் அடித்தேன்.

ஆனால் குட்டிப் பெட்டி சற்று முன்புதான் மெயிலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இனி அரை மணி கழித்துத்தான் வரும்.

"டெல்மர், கேமரா."

ஹார்னெட் மலை முகட்டில் இருக்கிற எங்கள் கோபுரத்தில் ஒரு கேமரா உண்டு, பனி எவ்வளவு என்று பார்க்க வைத்தது. படம் வந்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே சாம்பல் நிறம். அதன் அடியில் சிவப்பாக ஒரு கோடு. கோடு அசைந்தது. மின்சாரத்தை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். கோபுரம் பேட்டரியில் ஓடியது. முகட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில்தான் ட்வைலா இறங்கி வர வேண்டிய ரோடு.

"அரை மணி தாங்காது" என்றேன்.

"தாங்கலாம்" என்றார் டெல்மர். அவருக்கே நம்பிக்கை இல்லை.

அவள் லைனைப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. அதுமட்டுமில்லை, போக்குவரத்தைக் காட்டுகிற கோடு தளும்பிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வீடியோவில் சைகை வகுப்பு எடுப்பாள், காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. யார் யார் என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டதுமில்லை. வீட்டு மின்சாரத்துக்குச் சூரியத் தகடு இருக்கிறது, அதனால் கரன்ட் போனதும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஆட்டி யாருக்கோ ஆப்பிள், பால், தூக்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது.

"டெல்மர், நெட் போனா ட்வைலா என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா, நம்மளத் திட்டுவா."

"அதுக்கு முன்னாடி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆன்டெனா ஒயரப் புடுங்கிச் சொருகுவா. அப்பவும் வரலன்னா வெளிய வந்து விறகு அடுக்குமேல ஏறி நிப்பா. ஆன்டெனா கோபுரத்தப் பாத்துத்தான் இருக்கான்னு பாப்பா." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "நெல்டா. வேணாம்."

"அவ கோபுரத்தப் பாத்தா கோபுரத்துக்குப் பின்னாடி இருக்கறதையும் பாப்பா."

"புகையா இருந்தா? ஒண்ணுமே தெரியலன்னா? வெளியவே வராம, சரி, டெல்மர் கிழவன் ஏதோ நோண்டறான்னு உக்காந்துட்டா? நீ எழுதின கடிதம் அப்புறம் அவளுக்குப் போகவே போகாது. இருக்கறது ஒரே ஒரு கயிறு. அத நீயே அறுக்கறேங்கறே."

"நாம அறுக்கலன்னாலும் நெருப்பு அறுத்துடும். அப்பவும் அவ வெளிய வருவா. ஆனா அப்ப ரோடு இருக்காது."

டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். "உன் அக்கா. நீ சொல்லு."

சில பேர் இந்த மாதிரி நேரத்தில் பிரார்த்தனை பண்ணுவார்களாம். எனக்கு வந்தது ஒரு கெட்ட வார்த்தை. கோபுரத்துக்குள் போய், அவளுடைய ஆன்டெனா ஒன்றை மட்டும் உள்ளே விடாதே என்று ஒரு வரி எழுதினேன். கை விசைமேல் நின்றது. தாங்கலாம் என்று டெல்மர் சொன்னது காதில் ஓடியது. ஒருவேளை தாங்கிவிட்டால்? அரை மணியில் விளக்கு எரிந்து, அவள் சாவகாசமாகக் கிளம்பி வரக் கூடியவளாக இருந்து, அதை நானே கெடுத்துவிட்டால்? என் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அம்மா இல்லை, செத்துப் பல வருஷமாகிறது, ஆனாலும் அதைத்தான் நினைத்தேன்.

விசையைத் தட்டினேன். தளும்பிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

துண்டித்துவிட்ட ஆன்டெனா சும்மா இருக்காது. சில நொடிக்கு ஒருமுறை 'என்னைச் சேர்த்துக்கொள்' என்று கோபுரத்தைத் தட்டும். திரையில் ஒவ்வொரு தட்டலும் ஒரு வரியாக வரும். கோபுரம் மறுக்கும். மறுபடி தட்டும். என் அக்கா வீட்டுக் கூரையிலிருந்து அது கெஞ்ச, நான் 'மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டெல்மரின் தந்திரத்தை அவ்வளவு திட்டிய வாய்தான் இது.

போன் அடித்தது. மேவிஸ் என்று பாய்ந்து எடுத்தேன். மிஸஸ் ஃபெட்டர்லி.

"நெல்டா கண்ணு, என் பெட்டியில திடீர்னு ஆம்பளைங்க மாத்திரையா வந்து கொட்டுது. எனக்கு எதுக்குடி அது? மிஸ்டர் ஃபெட்டர்லியே போயாச்சு."

"எல்லாத்தையும் வாங்கிச் சாப்பிடுங்க!" என்று போனை வைத்தேன். பாவம் அந்தம்மா. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

திரையில் தட்டல் தொடர்ந்தது. தட்டு. மறுப்பு. தட்டு. மறுப்பு. எழுந்திருடி, எழுந்திரு. எப்போதும் சிடுசிடுவென்று எழுந்திருப்பாயே. கேமராவில் சிவப்புக் கோடு முகட்டின் இந்தப் பக்கத்துக்குத் தலையை நீட்டியது. டெல்மர் தன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

தட்டல் நின்றது.

"நின்னுடுச்சு!" நான் எழுந்தேன். "புடுங்கிட்டா! புடுங்கிட்டா டெல்மர்!"

"அவ புடுங்கினாளா, இல்ல..."

"வாய மூடு."

மூச்சு விடாமல் பார்த்தோம். ஆன்டெனாவைப் பிடுங்கிச் சொருகினால் அது எழுந்து மறுபடி தட்டக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பத்து வயது கூடியிருக்கும். பிறகு ஒரு வரி வந்தது. தட்டு. எனக்கு அழுகை பீறிட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். உயிரோடு, கோபத்தோடு, கையில் ஒயரோடு நிற்கிறாள். இனி அடுத்த வேலை வெளியே வந்து விறகு அடுக்கில் ஏறுவதுதான்.

"போ வெளிய" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். "போடி வெளிய!"

தட்டு. மறுப்பு. தட்டு. மறுப்பு. அப்புறம் மறுபடி நின்றது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

"கிளம்பிட்டா" என்றார் டெல்மர்.

"அவ என்னைக்காவது ஒயரப் புடுங்கிட்டுக் கிளம்பியிருக்காளா? நெட் வரலன்னா அப்படியே போட்டுட்டுத்தானே வருவா?"

சற்றைக்கெல்லாம் கேமரா படம் ஒரு முறை துடித்து, கறுத்துப்போனது. ஹார்னெட் கோபுரம் எங்கள் திரையில் சிவப்புப் புள்ளியானது. இனி நல்லதோ கெட்டதோ அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது.

மேவிஸுக்குப் போன் பண்ணினேன். தடுப்பில் நிற்கிறவன் யாரும் வரவில்லை என்கிறானாம். மறுபடி பண்ணினேன். இல்லையாம். மூன்றாம் தடவை மேவிஸே அழுகிற குரலில், "கண்ணு, ரோட்ல எரியற மரம் விழுந்துடுச்சாம். அதோட அவனையும் பின்னுக்கு வரச் சொல்லிட்டாங்க. இப்ப அங்க பாக்கறதுக்கு ஆள் இல்ல" என்றாள். போனைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். டெல்மரும் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார். திட்டுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை. சர்வர்களின் விசிறிச் சத்தம் மட்டும். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசலில் ஒரு வண்டி நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது. கதவு சுவரில் மோதித் திறந்தது. யாரோ கவுண்டரில் கையால் ஓங்கி அடித்தார்கள்.

அந்த அடியை எனக்குத் தெரியாதா!

நான் எழுந்து ஓடினேன். ட்வைலா. முடியெல்லாம் சாம்பல், ஒரு புருவத்தில் பாதியைக் காணோம். கக்கத்தில் லேப்டாப், கையில் ஆரஞ்சு விளக்கு, குட்டிப் பெட்டி ஒயரில் ஊசலாடியது. கட்டிப்பிடிக்கப் போன என்னை முழங்கையால் தள்ளினாள். கையை விடுவிக்க எல்லாவற்றையும் கவுண்டரில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"வகுப்பு நடுவுல நெட் போச்சு! என்ன கிழிக்கிறீங்க ரெண்டு பேரும்னு வெளிய வந்து பாத்தா, கோபுரத்துக்குப் பின்னாடி மலையே எரியுது! எரியற கட்டைக்கு மேல வண்டியோட்டிட்டு வர்றேன்!" அப்புறம் விளக்கைச் சுட்டினாள். "இது எரியல, நெல்டா. ஆன்டெனா ஒயரோட சேத்துப் புடுங்கிட்டு வந்தேன், உன் மூஞ்சியில எறியணும்னு. நீ சொன்னே, எரியும்னு. நான் நம்பினேன். இது எரியல."

நான் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். கை ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றது.

டெல்மர் பக்கத்தில் வந்து, அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக, "தப்பு என்னோடது" என்றார். அவருடைய மீசையில் எவருக்கும் எதுவும் புரியாது.

"கிழவன் என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

மத்தியானம் முழுக்க நான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் விரல் நுனியில் இருந்தது. "நாங்க ரெண்டு பேரும்தான் தப்புப் பண்ணினோம்" என்று சைகை செய்தேன். "அவர் கதவச் சாத்தினார். அதுக்கு வந்த பீச் பலகாரத்த நான் தின்னேன்."

அவளுக்கு அது புரிந்திருக்காது. நம்பிக்கையும் இல்லை. ஒயரை இழுத்து, விளக்கையும் பெட்டியையும் கவுண்டர் பிளக்கில் சொருகி, எங்கள் நெட் கேபிளை அதில் குத்தினாள். 'பார், செத்த சாமான்' என்று காட்டத்தான். பெட்டி எழுந்ததும் முதல் வேலையாக அவள் மெயிலைப் பார்க்கும்.

விளக்கு சுழல ஆரம்பித்தது.

எங்கள் ஆபீஸ் சுவர், டெல்மரின் வழுக்கை, அவள் சாம்பல் முகம், எல்லாவற்றின்மேலும் ஆரஞ்சு வெளிச்சம் வந்து வந்து போனது. ட்வைலா லேப்டாப்பைத் திறந்தாள். ஷெரிஃப் ஆபீஸ் கடிதங்கள் எப்போதோ வந்து சேர்ந்திருந்தன. தயாராக இரு. மூட்டை கட்டு. உடனே கிளம்பு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு அடியில் நான் போட்ட கள்ளக் கடிதம். அதை அவள் சத்தமில்லாமல் உதடசைத்துப் படித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். ஷெரிஃப் பெயருக்குக் கீழே நான் எழுதியிருந்தது: அடிக் கழுதை, திரும்பிப் பாருடி, நெருப்பு, ஓடு ஓடு ஓடு.

"ஷெரிஃப் எப்போலேருந்து என்னக் கழுதைன்னு கூப்பிடறார்?"

"அது போய்ச் சேராதுன்னு தெரிஞ்சுது. அதனாலதான் நெட்ட அறுத்தேன்" என்றேன். "உன் லைன நான்தான் அறுத்தேன், ட்வைலா. நீ வெளிய வருவேன்னு."

வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது, போனது, வந்தது. டெல்மர் விளக்கை அணைக்கக் கை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வீடு போயிருக்கும்" என்றாள். சும்மா, மழை பெய்யும் என்பதுபோல். பிறகு சட்டைப் பையிலிருந்து பர்டாக்கின் கழுத்துப்பட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "இதுவும், லேப்டாப்பும், அந்த விளக்கும்தான் எடுத்துட்டு வந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் தோளைத் தட்டி, தன் கையைப் பார்க்கச் சொன்னாள்.

"பாஸ்வேர்ட் சொல்றேன், பாத்துக்கோ."

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வாய்க்கு முன்னால் குருவி அலகுபோல் வைத்து, திறந்து மூடினாள். திறந்து மூடினாள். ஓயாமல் கத்துகிற குருவி. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நான். நான் பேசக் கற்ற நாளில், ஓயாத என் வாயைப் பார்த்துவிட்டு அவள் எனக்கு வைத்த பெயர். அம்மா பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன், நாய் பெயரைப் போட்டேன், அடையைக்கூட விடவில்லை. என்னை வெளியே நிறுத்தப் போட்ட பூட்டுக்கு என் பெயரைத்தான் வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இனிமே நீ எழுப்பலாம்" என்றாள் ட்வைலா.